நாலாவது கோபுரம்

பங்குச் சந்தை மும்பையில் இருப்பதாகப் படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாடப் புத்தகங்களும் அப்படியே எழுதிவைத்துப் பிள்ளைகளைக் கெடுக்கின்றன. உண்மையில் அது ஆந்திர எல்லையோரத்து நகரியில், ஓர் உரக்கடையின் மாடியில், செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் மதியம் இரண்டு மணி வரை இருக்கிறது. மும்பையில் நடப்பது வெறும் வாங்கலும் விற்றலும். வாங்கலாமா, விற்கலாமா என்கிற ஆழ்ந்த ஆராய்ச்சி நடப்பது இங்கேதான்.

நேரத்தைக் குறித்துக் கொடுத்தது கரண்ட் ஆபீஸ். வாரத்தில் அந்த நாலு மணி நேரம்தான் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். மற்ற நேரமெல்லாம் ஊர் முழுக்க விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆகவே நகரியில் எந்தப் பொருளாதாரக் கருத்தும் கரண்ட் போனால்தான் பிறக்கும்.

நகரி விசைத்தறியாளர் முதலீட்டு ஆலோசனைச் சங்கத்துக்குப் பதினோரு உறுப்பினர்கள். தலைவர் எத்திராஜ், மண்டல ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் இருந்து சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவர். அவரிடம் தறி இல்லை. ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. தொழில்நுட்ப ஆலோசகர் கமலக்கண்ணன், சேலை பார்டருக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைபவர். பங்கு விலையின் ஏற்ற இறக்கத்தையும் கட்டம் போட்ட தாளில்தான் வரைகிறார்கள் என்பது அவருடைய தகுதி.

சாதாரண உறுப்பினர்களில் ஒருவர் செங்கல்வராயன். ஆறு தறிக்காரர். இரண்டு புதுத் தறிக்கென்று சேர்த்த பணத்தை ஓரிடான் என்கிற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் பங்கில் போட்டிருந்தார். கணக்கு மட்டும் மனைவி பச்சையம்மாள் பெயரில் இருந்தது. முப்பது வருடம் அறுந்த இழை முடிந்து முடிந்து செங்கல்வராயனின் கைரேகை தேய்ந்துபோயிருந்தது. ஆதாரில் போன் நம்பர் சேர்க்கப் போனபோது மெஷின் மூன்று முறை அவரை நிராகரித்தது. அரசாங்கத்தின் பார்வையில் அவருக்கு விரல்கள் கிடையாது.

எண்ணூற்று இருபதுக்கு வாங்கிய பங்கு அறுநூற்று நாற்பதுக்கு வந்திருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை கம்பெனி தன் விற்பனைக் கணக்கை வெளியிடப்போகிறது. அதற்குமுன் விற்றால் ஒன்றரைத் தறியாவது மிஞ்சும் என்று செங்கல்வராயன் நினைத்தார். ஆனால் சங்கத்தின் ஏழாவது விதி, ஏகமனதான தீர்மானமின்றி உறுப்பினர் எவரும் பங்கை விற்கலாகாது என்கிறது. ஒருவர் விற்றால் மற்றவர்களுக்கு மனச் சங்கடம் உண்டாகும் அல்லவா?

"ணா, நான் வித்துடறன்" என்றார் செங்கல்வராயன். "தறி எங்க, தறி எங்கன்னு ஊட்ல கேட்டுக்கினே கீறா. பதில் சொல்ல முடியல."

"எழுத்து மூலமா குடுப்பா" என்றார் எத்திராஜ். "அதுக்குள்ள நிபுணர் கருத்தைக் கேட்டுடுவோம்."

கமலக்கண்ணன் தாளை விரித்தார். ஓரிடானின் ஒரு வருடச் சரித்திரம் சிவப்பு மையில் ஏறி இறங்கிக் கிடந்தது.

"இன்னா தெரியுது?"

"விழுந்துக்கினே கீது" என்றார் செங்கல்வராயன்.

"விழலப்பா. இது டெம்பிள் பார்டர். நல்லா பாரு. ஒரு கோபுரம், ரெண்டு கோபுரம், மூணு கோபுரம். நடுவுல நடுவுல பள்ளம். இப்ப பள்ளத்துல நிக்கறோம். அடுத்தது இன்னா வரணும்?"

"கோபுரம்" என்றது சபை.

"மூணு கோபுரத்தோட நின்னுபோன பார்டர எங்கனா பாத்துகிறியா? டிசைன்னா ரிப்பீட்டு வந்தே ஆவணும்."

நெய்கிறவர் எவரும் மறுக்க முடியாத வாதம் இது. செங்கல்வராயனுக்கும் மனம் இளகத்தான் செய்தது. ஆனாலும் கேட்டார்.

"சேலையே முடிஞ்சி போயிருந்துச்சின்னா?"

'உறுப்பினர் ஒருவர் தொடர்பில்லாத வினா எழுப்பினார்' என்று எத்திராஜ் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார். பிறகு, கம்ப்யூட்டர் உண்மையில் விற்கிறதா என்பதை நேரில் கண்டறிய மூவர் குழு ஒன்றைத் திருப்பதிக்கு அனுப்பத் தீர்மானமாயிற்று. தலைவர், ஆலோசகர், சந்தேகப்பட்டவர்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினார்கள். புத்தூரில் கை கால் உடைந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள இறங்கினார்கள்.

"நம்ம ஷேரையும் இங்கயே இறக்கி ஒரு கட்டு போட்டுக்கினு போலாமா ணா?" என்றார் செங்கல்வராயன். குழுவின் மற்ற இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

திருப்பதியில் அவர்கள் போனது ஓர் அரசு அலுவலகம். பெயரைச் சொல்வது முறையாகாது. எல்லா அலுவலகங்களும் தம்மைத்தான் சொன்னதாக வருத்தப்படும். சீனியர் அசிஸ்டென்ட் தரணியம்மாள் அவர்களை வரவேற்காமல் வரவேற்றாள்.

"ஓரிடானா? நாப்பது வாங்கிகீறோம். அதோ."

அவள் காட்டிய இடத்தில் சுவர் இருந்தது. கூர்ந்து பார்த்தபோதுதான் அது அட்டைப்பெட்டிகள் என்று தெரிந்தது. தரையிலிருந்து கூரை வரை அடுக்கி, இந்தப் பக்கம் பொதுமக்கள், அந்தப் பக்கம் ஊழியர்கள் என்று பிரித்திருந்தார்கள். நடுவில் ஒரு பெட்டி உயர இடைவெளி. அதற்குமேல் 'விசாரணை' என்று தெலுங்கில் எழுதித் தொங்கவிட்டிருந்தது.

"பிரிக்கலியாம்மா?" என்றார் எத்திராஜ்.

"வாங்கறதுக்கு ஆர்டர் உந்தி. பிரிக்கறதுக்கு ஆர்டர் லேது சார்."

"கேக்கறதுதான?"

"கேக்கணும்னா ஆன்லைன்ல அர்ஜி போடணும்."

"போடறதுதான?"

"எதுல போடறது?"

எத்திராஜின் கண்கள் கலங்கின. ஓய்வு பெற்றுப் பதினொரு வருடத்துக்குப் பிறகு இவ்வளவு சுத்தமான நிர்வாகத்தை அவர் கேட்டதில்லை.

"அப்ப வேலை எப்படிம்மா நடக்குது?"

"எங்க நடக்குது? அதனாலதான் இன்னும் நாப்பதுக்கு இண்டென்ட் போட்டுகீறோம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் எத்திராஜ் அறிக்கையை வாய்மொழியாக வெளியிட்டார். பிரிக்காத கம்ப்யூட்டர் கெடாது. கெடாத கம்ப்யூட்டர் மேல் புகார் வராது. புகார் வராத கம்பெனிக்கே மறுபடியும் ஆர்டர் போகும். ஓர் ஆபீசில் நாற்பது எண்பதாகிறது என்றால், நாட்டில் எத்தனை ஆபீஸ்?

"நாலாவது கோபுரம் ணா!" என்று கமலக்கண்ணன் சீட்டிலிருந்து எழுந்துவிட்டார்.

"பிரிக்காத பொட்டிய எத்தினி நாளைக்கு ணா வாங்குவாங்க?" என்றார் செங்கல்வராயன்.

"பிரிச்சாதான்பா போதும்னு தோணும்" என்றார் எத்திராஜ்.

வடமாலபேட்டை தாண்டும்வரை செங்கல்வராயன் இதை யோசித்தார். தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நாற்பத்து மூன்றாவது தீர்மானம் நிறைவேறியது. எவரும் விற்கக் கூடாது. கையில் பணமிருப்பவர்கள் இன்னும் வாங்க வேண்டும். கை தூக்காதவர்கள் காரணத்தை மூன்று பிரதிகளில் தர வேண்டும் என்பதால் செங்கல்வராயனும் தூக்கினார், அரசாங்கம் ஒப்புக்கொள்ளாத அந்தக் கையை.

வியாழக்கிழமை கம்பெனி கணக்கை வெளியிட்டது. விற்பனை நூற்றுக்கு எட்டு கூடியிருந்தது. மறுநாளே பங்கு நானூற்றுப் பத்துக்கு விழுந்தது. விற்பனை கூடியது உண்மைதான், ஆனால் கூடும் என்று நினைத்த அளவுக்குக் கூடவில்லை, ஆகவே அது குறைவுதான் என்று டிவியில் கோட்டுப் போட்டவர் ஒருவர் விளக்கினார். சங்கத்தில் அவர்மேல் மரியாதை ஏற்பட்டது.

அடுத்த கூட்டத்துக்குக் கமலக்கண்ணன் இரண்டு தாள்களோடு வந்தார். சிவப்புக் கோடு முதல் தாளைவிட்டு இறங்கிவிட்டதால் கீழே இன்னொன்றை ஒட்டியிருந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இது பார்டர் இல்ல ணா. முந்தானி."

அப்போது தெருவில் மினி லாரி ஹாரன் அடித்தது. கரண்ட் இல்லாததால் நன்றாகக் கேட்டது. பதினோரு பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். எதிரே செங்கல்வராயன் வீட்டு வாசலில் ஒரு தறியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா அது?" என்று மேலிருந்து கேட்டார் எத்திராஜ்.

"தறி ணா. உங்குளுக்குத் தெரியாதுல்ல."

"துட்டு ஏது?"

"ஷேர வித்துட்டன். நீங்கல்லாம் திருப்பதிக்குப் போனீங்களே, அன்னிக்கி. அறுநூத்தி நாப்பத்தஞ்சி. ஓடிபி எனக்குத்தான வருது?"

"விதி ஏழு இன்னா ஆச்சி?"

"அது உறுப்பினருக்கு. பொம்பளைங்களச் சேக்கக் கூடாதுன்னு விதி மூணுல எழுதுனது யாரு? நீங்கதான?"

கமலக்கண்ணன் எட்டிப் பார்த்து, ஒரு நிபுணர் இன்னொரு நிபுணரிடம் கேட்பதுபோல் கேட்டார். "விழும்னு எப்டிம்மா கண்டுபிட்ச்ச?"

"நான் எதக் கண்டன்? தறி வோணும், வித்தன். நைனா, மெதுவா இறக்கு, கால்ல போட்டுக்காத!"

செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குத் தீர்மானம் எதுவும் இல்லாததால் அடக்கிக்கொண்டார்.

சபை உடனே கூடியது. தன் மனைவி உறுப்பினர் அல்ல என்ற தகவலைச் சங்கத்திடம் மறைத்த குற்றத்துக்காக அவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடிவாயிற்று. கையால் எழுதிய நோட்டீஸ் செல்லாது என்றார் எத்திராஜ். ஆகவே இனி சங்கத்தின் நோட்டீஸ், தீர்மானம் எல்லாமே டைப் செய்யப்பட வேண்டும் என்றும், அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றும், நாமே நம் கம்பெனியை ஆதரிக்காவிட்டால் வேறு யார் ஆதரிப்பார்கள் என்பதால் அது ஓரிடானாகவே இருக்க வேண்டும் என்றும் நாற்பத்து நான்காவது தீர்மானம் கையால் எழுதப்பட்டது.

புதுத் தறியில் பச்சையம்மாள் நெய்த முதல் சேலைக்கு டெம்பிள் பார்டர். டிசைன் தாள் கமலக்கண்ணன் கொடுத்ததுதான். அதில் நாலாவது கோபுரம் இருந்தது.

கம்ப்யூட்டர் திருப்பதியிலிருந்து வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்க முறைப்படி தீர்மானம் வேண்டும். அதை டைப் செய்ய வேண்டும். இப்போது சபையில் டீ கிளாஸ்களை அதன்மேல்தான் வைக்கிறார்கள்.

அதை வாங்கிய அன்று ஓரிடான் பங்கு நாற்பது பைசா ஏறியது.