வலது காதுக்கு மட்டும் கிறிஸ்துமஸ்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் வரலாற்றை நாளை யாராவது எழுதப் புகுந்தால், 2007 டிசம்பர் மூன்றாம் தேதிக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். அன்று காலை பத்து இருபதுக்கு எங்கள் தொழிற்சாலையின் அபாய ஒலிபெருக்கிகள் பதினாறும் ஒரே நேரத்தில் அலறின.

அலறியது சங்கு அல்ல. நாற்பது வயலின்கள்.

இரண்டு டன் சம்மட்டி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த சடையப்பன் அதை உடனே நிறுத்தினார். உலைக்காரர்கள் எண்ணெய்க் குழாயை மூடினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, ஓடாமல், தள்ளாமல், வரிசையாக வெளியேறி, கேட் அருகே பச்சைப் பலகை நட்ட இடத்தில் கூடி நின்றார்கள். நான்கு நிமிடம் பத்து விநாடி. எந்தப் பயிற்சியிலும் எட்டு நிமிடத்துக்குக் குறைந்ததில்லை. ஓர் இசைக்கு இத்தனை பேர் இத்தனை ஒழுங்காக எழுந்து வந்து மரியாதை செய்ததாக ஐரோப்பாவிலேயே தகவல் இல்லை என்று, தொழிலாளர் நல அதிகாரி என்ற முறையில் அன்றே கோப்பில் குறிப்பு எழுதி வைத்தேன்.

"இன்னா சார் லீக்கு? கேஸா?" என்றார் சடையப்பன்.

"கிறிஸ்துமஸ்," என்றேன்.

"அதுக்கு இன்னும் இருபத்திரெண்டு நாள் கீதே."

"இப்பவே கேட்டுப் பழகணும்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். உள்ளம் நெகிழ்ந்ததன் அடையாளமாக அதை எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பண்பாட்டுப் புரட்சியின் தந்தை எங்கள் பொது மேலாளர் பரசுராமன். அக்டோபரில் அவர் ஜெர்மனி போயிருந்தபோது, எங்களிடம் லாரி அச்சு வாங்கும் கம்பெனிக்காரர்கள் வெள்ளிப் பெட்டியில் ஒரு சிடி கொடுத்தார்கள்: 'கிறிஸ்துமஸுக்குக் கேட்க வேண்டிய செவ்வியல் இசை.' கூடவே, ஜனவரி ஆய்வுக்காக நாற்பது பக்கக் கேள்வித்தாள் ஒன்றும் கொடுத்தார்கள். அதில் முப்பத்தோராம் கேள்வி, 'உங்கள் பணியாளர்களின் பண்டிகைகள் மதிக்கப்படுகின்றனவா? ஆதாரம் இணைக்கவும்.'

அற்பர்கள் 'ஆம்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். பரசுராமன் குழு அமைத்தார்.

'கிறிஸ்துமஸ் இசை நுகர்வுக் குழு'வின் முதல் கூட்டத்தில் ஒரே ஒரு தடைதான் வந்தது. கொண்டுவந்தவர் பாதுகாப்பு அதிகாரி ஹபிபுல்லா. பழவேற்காட்டுக்காரர், எந்த நல்ல காரியத்திலும் விதியைப் பார்க்கும் பலவீனம் உள்ளவர்.

"ஷாப்புல சத்தம் தொண்ணூத்தாறு டெசிபல் சார். காதுல அடைப்பான் இல்லாம ஆளை உள்ள வுட்டா ஜனவரி ஆய்வுல மாட்டிக்குவோம். அடைப்பான் வெச்சா ஒரு வயலினும் கேக்காது. பெரிய பேஜாரு சார் இது."

பரசுராமன் பேனாவை மூடி வைத்தார். "ஹபிபுல்லா, மனுசனுக்கு காது எத்தினி?"

"ரெண்டு சார்."

"அப்புறம் இன்னா?"

எல்லோரும் தங்கள் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய சிந்தனைகள் பிறக்கும்போது அப்படித்தான் ஆகும். 'இடது காதுக்குப் பாதுகாப்பு, வலது காதுக்குப் பண்பாடு' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"வலது காது செவுடாயிட்டா?" என்றார் ஹபிபுல்லா, விடாமல்.

"அடுத்த வருசம் இடது காது."

அன்றே படிவம் 47-அ அச்சானது. கேட்ட நேரம், கேட்ட காது, கேட்டதால் உண்டான மனநிலை, கையொப்பம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் தினமும் நிரப்ப வேண்டும். முதல் வாரம் மனநிலைப் பகுதியில் சடையப்பன் 'தலைவலி' என்று எழுதியிருந்தார். கூப்பிட்டு விளக்கினேன். மறுநாளிலிருந்து 'ஆனந்தத் தலைவலி' என்று எழுதினார்.

குழுவுக்கு ஒரு நிபுணர் தேவைப்பட்டார். ஆட்பதிவேட்டைப் புரட்டினேன். கிறிஸ்தவர் ஒரே ஒருவர்: பேக்கிங் பிரிவில் அச்சுகளை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றும் ரோசம்மாள். அழைத்து வந்து, பொது மேலாளர் அறையில் சிடியைப் போட்டுக் காட்டினோம். மூன்று பாட்டுகளைக் கைகட்டிக் கேட்டார். நான்காவது வந்ததும் அவர் கால் தரையைத் தட்டத் தொடங்கியது.

"இது நாங்க பாடறது சார். கவரைப்பேட்டை சர்ச்சுல. ஆனா இதுல கொஞ்சம் ஓடுறாங்க. இவ்ளோ அவசரம் கூடாது."

பரசுராமன் என்னைப் பார்த்தார். நான் 'நிபுணர்' என்று எழுதிக்கொண்டேன்.

"அதான் சார், நானே வந்து கேக்கணும்னு இருந்தேன்," என்றார் ரோசம்மாள். "இருபத்தஞ்சாந் தேதி ஒரு நாள் லீவு குடுங்க. ஆகஸ்டுலேர்ந்து பிராக்டிஸ் பண்ணிகினு இருக்கோம். நாலு குரலு சார். ஒவ்வொரு குரலும் வேற வேற மெட்டுல போவும். சேர்ந்தாதான் பாட்டு. ரெண்டாங்குரலுக்கு என்னோட இருந்த பொண்ணு கல்யாணமாயி ஓசூர் போயிடுச்சு. இப்போ நான் ஒருத்திதான். நான் போவலன்னா பாட்டுல ஓட்டை வுழுந்துடும்."

"நாலு பேர் நாலு விதமா பாடறதா? எங்க மீட்டிங்கு மாதிரி," என்று பரசுராமன் சிரித்தார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டார். "ஏம்மா, இவ்ளோ ஏற்பாடும் யாருக்கு? பதினாறு ஸ்பீக்கரு, ரிஜிஸ்டரு, கமிட்டி... எல்லாம் உனக்குத்தானே? கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீயே இல்லன்னா ஆதாரத்துக்கு எடுக்கிற போட்டோவுல யாரை நிக்க வெக்கிறது? ஹபிபுல்லாவையா?"

"அரை நாளு குடுங்க சார். பாட்டு ஒம்போது மணிக்கு. முடிச்சிட்டு பதினோரு மணிக்கெல்லாம் வந்து சுத்திடுவேன்."

"போட்டோ ஒம்போது மணிக்கும்மா."

விண்ணப்பம் முறைப்படி என் மேசைக்கு வந்தது. நான் எழுதிய குறிப்பை இன்றும் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன்: 'விண்ணப்பதாரர் கிறிஸ்துமஸை முன்னிட்டுக் கிறிஸ்துமஸிலிருந்து விடுப்புக் கோருகிறார். கம்பெனியின் பண்டிகை விடுமுறைப் பட்டியலில் கிறிஸ்துமஸ் இல்லை. கம்பெனியின் பண்டிகை மரியாதைத் திட்டத்தில் உண்டு. எனவே நிராகரிக்கலாம்.' பரசுராமன் பச்சை மையில் கையெழுத்திட்டார். ரோசம்மாள் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு போய் அச்சுகளைச் சுற்றினார்.

இருபத்து நான்காம் தேதி பிற்பகல் பரசுராமன் ஜெர்மனிக்குப் போன் போட்டார். நாளை காலை நடக்கப்போவதை நேரடியாகச் சொல்லி அவர்களை மகிழ்விக்க விரும்பினார். பதிவு செய்த குரல்தான் வந்தது: பண்டிகைக்காக அலுவலகம் மூடியிருக்கிறது, ஜனவரி இரண்டாம் தேதி திறக்கும்.

அவர் போனை வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தியா? போனை எடுக்க ஒரு ஆள் இல்ல. அவ்ளோ சின்சியரா பாட்டு கேட்டுகினு இருக்காங்க. நாம இன்னும் முன்னேறணும்."

இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். சம்மட்டி இயந்திரத்தின் முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் ரோசம்மாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், அதன்மேல் பஞ்சு ஒட்டிய சிவப்புக் குல்லாய், இடது காதில் அடைப்பான். குல்லாய்க்கு ஹபிபுல்லா எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தார். ஆட்சேபம் கோப்பில் சேர்க்கப்பட்டது. பின்னால் முந்நூற்றுப் பதினோரு பேர், வலது காதைக் கேமராவுக்குக் காட்டியபடி. பஜாரிலிருந்து வந்த போட்டோக்காரர் கோணம் பார்த்தார்.

ஒன்பது மணிக்குப் பரசுராமன் பொத்தானை அழுத்தினார். நாற்பது வயலின்கள் மூச்சை இழுத்தன. மின்சாரம் போயிற்று.

ஒலிபெருக்கிகள் செத்தன, விளக்குகள் செத்தன, வெறுமனே உறுமிக்கொண்டிருந்த சம்மட்டியும் நின்றது. அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஜெனரேட்டர் உலைக்கு மட்டும்தான்.

"சார், பத்து மணிக்கு எனக்குப் பொன்னேரில ஒரு காதுகுத்து கீது," என்றார் போட்டோக்காரர்.

பரசுராமன் நெருக்கடியில் ஒளிரும் மனிதர். "ரோசம்மா, அந்த நாலாவது பாட்டு உனக்குத் தெரியும்ல? நீ பாடு. அது இன்னும் நல்ல ஆதாரம். வீடியோவே எடுத்துக்கலாம்."

ரோசம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். குல்லாயைக் கழற்றினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், காதடைப்பானை எடுத்து எண்ணெய்க் காகிதத்தில் மடித்து வைத்தார். எழுந்து நின்று பாடினார்.

திடமான குரல். ஆனால் பாட்டு இரண்டு படி ஏறியது, ஒரு படி இறங்கியது, ஒரே சுரத்தில் வெகுநேரம் நின்றது. நடுநடுவே சட்டென்று நிறுத்திவிட்டு, யாரோ பாடி முடிக்கட்டும் என்பதுபோல் காத்திருந்தார், தலையை மெல்ல ஆட்டி எண்ணினார், மறுபடி சேர்ந்துகொண்டார். சடையப்பன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஹபிபுல்லா அதற்கு ஆட்சேபம் எழுதவில்லை.

பரசுராமன் நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னாம்மா இது? சிடில கேட்ட மாதிரியே இல்ல. பாதி பாதியா நிக்குது. சரியாத்தான் பாடறியா?"

"சரியாத்தான் சார் பாடறேன். மீதி மூணு குரலும் இப்போ கவரைப்பேட்டைல பாடிகினு இருக்குது."