மெஷின் ஓடினால்தான் படிப்பு ஏறும்

தாராவி, பம்பாய் – 17
29.6.1986, ஞாயிறு

மதிப்பிற்குரிய மச்சான் ஷாகுல் ஹமீது அவர்களுக்கு,

தாராவியிலிருந்து அபுதாஹிர் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நானும், தங்கள் தங்கை சைனப்பும், மகள் ஆபிதாவும் நலம். மழை பிடித்துவிட்டது. கூரைக்கு மேல் பிளாஸ்டிக் தாள் கட்டியிருக்கிறோம். அதுவும் இன்றுவரை நலம். மேலப்பாளையத்தில் தாங்களும் மைனியும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம்.

தாங்கள் எழுதிய கார்டு புதன்கிழமை கிடைத்தது. ஆபிதா பத்தாம் வகுப்பில் எழுபத்தொரு சதவீதம் வாங்கியது, போன நவம்பரில் தாங்கள் அனுப்பிய படிப்பு விதிகளின் பலன்தான் என்று சந்தோஷப்பட்டு எழுதியிருந்தீர்கள். அந்த விதிகளை நாங்கள் கடைப்பிடித்த விதத்தை விவரமாக எழுதினால் தங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாசிப்பதாகவும் சொல்லியிருந்தீர்கள். தலைமையாசிரியர் கேட்டு நான் மறுக்க முடியுமா? விவரமாகவே எழுதுகிறேன். வாசிப்பதா வேண்டாமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தங்கள் தாளில் பதினான்கு விதிகள் இருந்தன. நான் எட்டாம் வகுப்போடு தோல் வெட்ட வந்தவன்; ஆகையால் படித்தவர்கள் எழுதிய எதையும் சந்தேகப்படுவதில்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து குளிர்ந்த நீரில் தலை முழுக வேண்டும் என்பது முதல் விதி. எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருவதே ஐந்தரைக்குத்தான். நாலு மணிக்குத் தலையில் ஊற்றுவதென்றால் குடிக்கப் பிடித்து வைத்ததைத்தான் ஊற்ற வேண்டும். மூன்று நாள் ஊற்றினோம். நாலாம் நாள் தங்கள் தங்கை தண்ணீர் டிரம்மின் மூடி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏ ஆபிதா வாப்பா, இந்தத் தண்ணி அரிசிக்கு. படிப்பு வேணுமின்னா அரபிக்கடல்ல கொண்டுபோயி முக்கி எடுங்க" என்றாள். ஆகவே குளியல் நின்றது. நாலு மணி மட்டும் நிற்கவில்லை. அடுத்தது, ஊறவைத்த பாதாம் பருப்பு ஏழு. ஆபிதாவுக்குப் பாதாம் வாசனையே ஆகாது. நான் பார்க்கும்போது வாயில் போட்டுக்கொண்டு, பார்க்காதபோது எடுத்துப் புத்தகப் பைக்குள் வைத்திருக்கிறாள். ஒரு வாரத்தில் பூகோள நோட்டு முழுக்க எறும்பு. இந்தியாவின் வரைபடத்தில் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை வரிசையாக ஊர்ந்து போவதை என் கண்ணால் கண்டேன். பிறகு, அதிகாலைத் தூய காற்றில் உலாவுவது. மச்சான், நாங்கள் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு நடுவில் இருக்கிறோம். தூய காற்று வேண்டுமென்றால் மாட்டுங்கா வரை பஸ்ஸில் போக வேண்டும். போனோம். பஸ்ஸுக்கு நின்று, பஸ்ஸில் நின்று, பூங்காவில் பத்து நிமிடம் காற்று வாங்கித் திரும்பியதில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதம்.

இவற்றையெல்லாம்விட நான் உயிராகப் பிடித்துக்கொண்டது இரண்டு விதிகளை. படிக்கும் இடத்தில் சத்தமே கூடாது என்பது ஒன்று. பிள்ளைக்கு ஊக்கம் கொடுக்க ஒரு பெரியவர் எந்நேரமும் அருகில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. எங்களுக்குக் கீழே என் தோல்பைப் பட்டறை, மேலே வீடு, நடுவில் பலகைத் தளம். ஆறு மெஷின் ஓடினால் மேலே தட்டில் இருக்கும் டம்ளர் தானாக நடக்கும். ஆகவே இரவு எட்டு மணி வரை ஓடிய பட்டறையை மாலை ஐந்து மணிக்கே மூடினேன். ரேடியோவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். ஆபிதாவின் சிநேகிதி ரோஷன் மாலையில் வந்து கூப்பிடுவாள். பரீட்சை முடிந்து வா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். பிறகு ஒரு முக்காலியைப் போட்டு ஆபிதாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்து ஊக்கம் கொடுத்தேன். டிசம்பர் முழுக்கக் கொடுத்தேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் முன்தேர்வு வைத்தார்கள். அதுவரை அறுபத்தைந்துக்குக் குறையாமல் வாங்கியவள் கணக்கில் முப்பத்தொன்று, விஞ்ஞானத்தில் இருபத்தெட்டு. வகுப்பாசிரியை ஷரீஃபுன்னிசா டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தங்கள் விதித்தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். தப்பு பள்ளிக்கூடத்தின் மேல்தான் என்று காட்டிவிடலாம் என்று எண்ணம்.

டீச்சர் அதை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு, "அபுதாஹிர் பாய், இது யார் எழுதுனது?" என்றார்.

"என் மச்சான். ஊர்ல ஹெட்மாஸ்டர்."

"நல்ல மனுஷனா இருப்பார். அவர் பிள்ளைங்க என்ன செய்யறாங்க?"

மச்சான், தங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை நான் அந்த இடத்தில் சொல்லவில்லை. இருமினேன்.

"பாய், உங்க பொண்ணு செகண்ட் பீரியட்ல தூங்கறா. தினம் தூங்கறா. எழுப்பினா முழிச்சுப் பார்க்கறா, கேட்டதுக்குப் பதில் தெரியல. புத்தி இல்லாம இல்ல பாய், நீந்த் இல்ல, தூக்கம் இல்ல. எத்தனை மணிக்குப் படுக்குது?"

"பத்தரை ஆவும். ஆனா படுத்ததும் தூங்கிருவா டீச்சர்."

"தூங்கலை" என்றாள் ஆபிதா. பக்கத்திலேயே நின்றவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "தூக்கம் வரல வாப்பா."

"ஏம்மா?" என்றார் டீச்சர்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மாமா லெட்டர்ல கடைசில ஒரு வரி இருந்துச்சு. பெயிலாப் போனா படிச்சது போதும், ஷவ்வால் மாசம் ஊர்ல மாப்பிள்ள பாத்து முடிச்சிரலாம்னு. நீங்க உம்மாட்ட மெதுவா வாசிச்சிய. எனக்குக் கேட்டுச்சு. கண்ண மூடினா அந்த வரிதான் வருது. புஸ்தகத்தத் தொறந்தா எதிர்த்தாப்ல நீங்க இருக்கிய. ஒங்க மூஞ்சியத்தான் வாப்பா படிக்கேன். பாடத்தப் படிக்கல."

மச்சான், அந்த வரியைத் தாங்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதினீர்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பதினான்கு விதிகளில் ஒன்றுகூட நினைவில் தங்காத பிள்ளைக்கு அது மட்டும் மனப்பாடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை நாங்கள் நடந்தே வந்தோம். குயவர்கள் பானை காயவைக்கும் இடம் வந்ததும் நின்று, "ஏட்டி, பெயிலானா ஆகிட்டுப் போகுது. அக்டோபர்ல மறுபடி வைக்கானுவள்லா, அப்போ எழுதலாம். அப்பவும் வரலியா, அடுத்த மார்ச்சு. ஒன்ன ஊருக்கு அனுப்பப் போறது இல்ல" என்றேன்.

"மாமா கேட்டா?"

"மாமாட்ட நான் பேசிக்கிடுதேன்."

இதுவரை பேசவில்லை. இந்தக் கடிதத்தில் பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை ஆபிதா ஆறு மணிக்குப் படுத்தவள் மறுநாள் காலை ஏழுக்கு எழுந்தாள். சைனப் இரண்டு தடவை மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். அதன் பிறகு டீச்சரும் ஆபிதாவும் சேர்ந்து புதிதாக ஓர் அட்டவணை போட்டார்கள். ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பிட்டுவிட்டு ரோஷனோடு அரைமணி நேரம் கயிறு குதிப்பது. நாற்பது நிமிடம் படித்தால் பத்து நிமிடம் எழுந்து நடப்பது; படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுத் தாளில் எழுதிப் பார்ப்பது; முடியாத கணக்கை அழுதுகொண்டு வைத்திருக்காமல் மறுநாள் டீச்சரிடம் கேட்பது. பாதாம் இல்லை. வேர்க்கடலை அவளுக்குப் பிடிக்கும், அதைத் தின்னலாம். பரீட்சைக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் பிள்ளை கயிறு குதிக்கிறாளே என்று பதறினேன். ஆனாலும் முக்காலியில் உட்கார்ந்து ஊக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை ஆபிதா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வாப்பா, ஒரு சங்கடம்" என்றாள். "பொறந்ததுலேருந்து மெஷின் சத்தத்துலயே இருந்துட்டேன். சத்தம் இல்லைன்னா எனக்குப் படிப்பு ஏற மாட்டேங்குது. காது ஙொய்ங்குது."

எனக்குப் பொறி தட்டியது. இத்தனை நாள் தப்பு இங்கேதான் இருந்திருக்கிறது! உடனே கீழே போய் வெயிலுமுத்துவிடம் சொன்னேன். அவர் திசையன்விளைக்காரர், என்னிடம் பதினாறு வருடமாகத் தைக்கிறார். நாளையிலிருந்து பழையபடி எட்டு மணி வரை ஓட்ட வேண்டும் என்றதும் தலையைச் சொறிந்தார். "இல்ல மொதலாளி. நீங்க ரெண்டு மாசமா அஞ்சு மணிக்கு வெளிய அனுப்பி வச்சிய. பயலுவ எல்லாம் முதல் ஆட்டம் சினிமா பாத்துப் பழகிட்டானுவ. இனி ஏப்ரல்ல பேசுங்க."

ஆகவே நானே உட்கார்ந்தேன். மச்சான், நான் மெஷினில் உட்கார்ந்து பத்து வருடம் இருக்கும். முதல் இரண்டு நாள் தோல் இல்லாமல், நூல் இல்லாமல், வெறும் மெஷினை மிதித்தேன். சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "க்யா பாய், தபியத் டீக் ஹை?" என்று என் உடம்பை விசாரித்தார்கள். மானம் போகிறதே என்று மூன்றாம் நாள் நிஜத் தோலை வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். காது முழுக்க மேலே இருந்தது. அவள் நடக்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா என்று பலகைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அவள் பத்து நிமிடம் நடக்கும்போது நானும் மிதியிலிருந்து காலை எடுப்பேன். மறுபடி அவள் உட்கார்ந்ததும் மிதிப்பேன். ஒரு வாரத்தில் நாற்பது லேடீஸ் பை தைத்திருந்தேன். வெயிலுமுத்து ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதலாளி, ஜிப்பு உள்பக்கமா வந்திருக்கு. பைக்குள்ள ஏறி உக்காந்துதான் தொறக்கணும்."

தினமும் காலையில் அவர் என் தையலைப் பிரித்தார். மாலையில் நான் மறுபடி தைத்தேன். இப்படியே மார்ச் வந்தது.

அல்ஜீப்ரா பரீட்சையன்று மாட்டுங்காவில் அவளுக்குப் பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்து வாசலில் நான் நின்றேன். காலையில் ஆபிதா இரண்டு இட்லி சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை. நிழல் இருந்தது, ஆனால் அங்கே நின்றால் அவள் வகுப்பின் ஜன்னல் தெரியாது என்று வெயிலில் நின்றேன். மூன்று மணி நேரம். கடைசி மணி அடித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண் திறந்தபோது கரும்புச்சாறு கடை பெஞ்சில் படுத்திருந்தேன். ஆபிதா தன் துப்பட்டாவை நனைத்து என் நெற்றியில் போட்டிருந்தாள்.

"பேப்பர் எப்படி?" என்றேன்.

"மொதல்ல இதக் குடிங்க."

"கடைசிக் கணக்கு வந்துச்சா?"

"வாப்பா, காலைல சாப்பிட்டியளா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் தன் டப்பாவைத் திறந்து, மீதியிருந்த இட்லியை ஒவ்வொரு துண்டாக எடுத்து என் கையில் வைத்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் அழுதுகொண்டும் விடையைப் பேசிக்கொண்டும் போனார்கள். இவள் ஒரு வார்த்தை பேப்பரைப் பற்றிப் பேசவில்லை. நாளைக்கு வேறு பரீட்சை இருக்கிறது, முடிந்ததைப் பேசினால் அதற்கு இடைஞ்சல் என்றாள். டீச்சர் சொன்னதாம்.

முடிவு வந்தது தங்களுக்குத் தெரியும். அன்று சைனப் வட்டலப்பம் செய்தாள். ஷரீஃபுன்னிசா டீச்சர் வந்து சாப்பிட்டார், வெயிலுமுத்துவும் வந்தார். எல்லோரும் போன பிறகு ஆபிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாப்பா, ஒண்ணு சொல்லணும். கோவப்படப்படாது. மெஷின் சத்தம் இல்லாட்டாலும் எனக்குப் படிக்க வரும். நல்லாவே வரும்."

"பின்ன எதுக்குட்டி என்னய ரெண்டு மாசம் மிதிக்க வச்ச?"

"ஒங்களை எந்திரிச்சுப் போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

தங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த இரண்டு மாத மாலைகளில் நான் நன்றாகத்தான் இருந்திருக்கிறேன். தலைவலி இல்லை, பசி எடுத்தது, படுத்தால் தூக்கம் வந்தது. ஜிப்பும் கடைசியில் வெளிப்பக்கம் வந்துவிட்டது.

ஆகையால் மச்சான், தங்கள் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதென்றால் இதை மட்டும் வாசியுங்கள்: பிள்ளை தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், பெயிலானாலும் வீடு இருக்கிறது என்று தெரிய வேண்டும்; தகப்பன் கீழே போய்விட வேண்டும். மாடி இல்லாதவர்கள் தெருவுக்குப் போகலாம். இனி ஆபிதாவின் படிப்பில் நான் தலையிடுவதில்லை என்று சைனப் முன்னிலையில் ஒப்புக்கொண்டு, மனம் அமைதியாக இருக்கிறேன்.

மைனிக்கு எங்கள் ஸலாம். தங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அல்லாஹ் நல்ல தூக்கத்தைத் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்,
மு. அபுதாஹிர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பலசரக்குக் கடை நெல்லையப்பன் வந்தார். பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் எடுத்தால் பாடம் மூன்று மடங்காம், முதல் பரீட்சை ஆகஸ்டிலேயே வந்துவிடுமாம். நான் பதறவில்லை. சும்மாதான் கேட்கிறேன்: ஊரில் வல்லாரை லேகியம் நயமாகக் கிடைக்குமா? கிடைத்தால் பம்பாய் வருகிற யாரிடமாவது இரண்டு டப்பா கொடுத்தனுப்பவும். வீட்டு முகவரிக்கு வேண்டாம், நெல்லையப்பன் கடைக்கு. பதினொன்றாம் வகுப்புக்கென்று தனியாக விதிகள் ஏதும் வைத்திருந்தால் அவற்றையும் எழுதி, உறையின் மேல் 'தோல் விலைப்பட்டியல்' என்று போட்டு அனுப்பவும்.