மனைவிக்கு நூறடி பின்னால்

ஸ்கூட்டருக்கு மெதுவாகப் போகத் தெரியவில்லை. அதுதான் முதல் சிக்கல்.

நூறடி முன்னால் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி நீலச் சைக்கிளில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், அதாவது அவ்வளவு மெதுவாகப் போக முடியாமல், ஸ்கூட்டர் இருமியது, விக்கியது, நடுரோட்டில் நின்றேவிட்டது. பின்னால் வந்த வேன்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை. கடைக்காரர் ஹெல்மெட்டுக்குள் தலையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் மனைவி, திடீரென்று ஒரு சைக்கிளை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினாள்.

“இனிமே ஆபீசுக்கு இதுலதான். முழங்காலுக்கு நல்லது, மூச்சுக்கு நல்லது, மனசுக்கும் நல்லது.”

“மண்டைக்கு? லாரிக்காரன் உன் முழங்காலைப் பார்த்தா ஓட்டுறான்? அம்பது வயசுல இதெல்லாம் தேவையா?”

“நாப்பத்தொன்பது” என்று சொல்லிவிட்டு அவள் மணியை அடித்துப் பார்த்தாள்.

“எப்படியோ போ. எனக்கென்ன!”

எனக்கென்ன என்றவர் மறுநாள் காலையில் காபியைக்கூடக் குடிக்காமல் ஹெல்மெட்டைத் தேடினார். அவள் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். கடை திறப்பது பத்து மணிக்கு. அவள் அலுவலக வாசலுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். மாலையில் கடையில் கூட்டம் இருக்கும். அவள் வீடு திரும்பும் வழியை மட்டும் கடவுளிடம் ஒப்படைத்திருந்தார்.

நான்காம் நாள், சிக்னல் அருகே பழம் விற்கும் அம்மாள் ஸ்கூட்டருக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

“நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். நாலு நாளா அந்தம்மா பின்னாடியே ஊர்ந்துக்கிட்டு வர்றியே, என்ன சங்கதி?”

“ஐயோ, அது என் பொண்டாட்டிங்க!”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போலீஸ் சார், இங்க வாங்க!”

போக்குவரத்துக் காவலர் வந்து முதல் வேலையாகச் சாவியைப் பிடுங்கினார்.

“பொண்டாட்டின்னா பக்கத்துலயே போக வேண்டியதுதானே? எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு?”

“எப்படியோ போன்னு சொல்லிட்டேன் சார். இப்ப பின்னாடி வர்றது தெரிஞ்சா என் மானம் போயிடும்.”

காவலர் அவரை உற்றுப் பார்த்தார். “நீங்க கண்ணாடிக்கடைக்காரர்தானே? இந்த மூக்குக்கண்ணாடி உங்க கடையில வாங்கினதுதான். இதைப் போட்டதுல இருந்து கண்ணு நல்லாத் தெரியுது. அந்தக் கோடியில வரும்போதே உங்களைக் கவனிச்சுட்டேன்.”

தன் தொழில் சுத்தத்தை நினைத்து வாழ்க்கையில் முதன்முறையாக வருத்தப்பட்டார் அவர்.

“இனிமே ஸ்கூட்டர்ல ஊர்ந்தீங்கன்னா வண்டி உள்ள போயிடும்” என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார் காவலர்.

அதனால் மறுநாள் சைக்கிள். வெளியூரில் படிக்கும் மகள் விட்டுவிட்டுப் போன சைக்கிள். ரோஸ் நிறம், முன்னால் பூப்போட்ட கூடை. முதல் திருப்பத்திலேயே பேண்ட் செயினுக்குள் போனது. அவர் பக்கத்து வீட்டு வேலிக்குள் போனார். எழுந்து, தூசி தட்டி, மூச்சிரைக்க மிதித்து எட்டிப் பிடித்தபோது, அவள் ஒரு துணிக்கடை வாசலில் நின்று புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியபோது மணி பத்தே முக்கால். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வாசலில் கொதித்துக்கொண்டிருந்தார்.

“என் கண்ணாடியை வாங்கி வெச்சுக்கிட்டு நீங்க எங்கய்யா போனீங்க? பக்கத்துத் துணிக்கடை பொம்மையை நீங்கன்னு நினைச்சு கால் மணி நேரம் திட்டியிருக்கேன்!”

சீக்கிரம் திரும்ப வேண்டுமென்றால் வேகமாக மிதிக்க வேண்டும். மிதித்தார். அடுத்த வாரமே மனைவி பாதையை மாற்றி மேம்பாலத்தில் ஏறினாள். பாதி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தவரின் பேண்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. அன்று முழுவதும் கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே வியாபாரம் செய்தார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை.

“கால்ல என்ன கிரீஸ்?”

“கடை ஷட்டருக்கு எண்ணெய் போட்டேன்.”

“பேண்டெல்லாம் ஏன் இடுப்புல நிக்க மாட்டேங்குது?”

“நீ துவைச்சுத் துவைச்சுப் பெருசாக்கிட்டே.”

அவள் ஊசி நூலோடு உட்கார்ந்து, எல்லா பேண்டுகளையும் இரண்டு விரற்கடை பிடித்துத் தைத்தாள்.

இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. மேம்பாலத்தில் இப்போது அவருக்கு மூச்சு வாங்குவதில்லை. அதைவிட, அந்த நூறடி தூரம் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. பூனை குறுக்கே வந்தால் அவள் மணி அடிப்பதில்லை, நிறுத்தி வழிவிடுவாள். இறக்கத்தில் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் இரண்டு கால்களையும் நீட்டிக்கொள்வாள். கல்யாணமான புதிதில்கூட இவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மேம்பாலத்து இறக்கத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பை கேரியரிலிருந்து நழுவி விழுந்தது. அவள் கவனிக்காமல் போய்விட்டாள்.

கூப்பிட்டால் குட்டு வெளிப்படும். பேசாமல் இருந்தால் அவள் பட்டினி. பையை எடுத்துப் பூக்கூடையில் வைத்துக்கொண்டு, அவள் உள்ளே போகும்வரை எதிர்ப்பக்க லாரிக்குப் பின்னால் பதுங்கி நின்றார். பிறகு முதல்முறையாக அந்த வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் நீட்டினார்.

“இதை வரைபடம் போடுற அம்மாகிட்ட குடுத்துடுங்க. யார் குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க ஆபீஸ் எந்த மாடியில?”

காவலாளி அவரையும் ரோஸ் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

“இங்க ஏது சார் ஆபீஸ்? அது ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே உங்க வீட்டுக்குப் பின்தெருவுக்கு மாறிப்போச்சு, நீங்க கிளம்பினதும் அம்மாவும் அங்கதான் திரும்பிப் போறாங்க; நடன்னு சொன்னா நடக்க மாட்டாரு, நான் போனா பின்னாடியே வருவாருன்னுதான் அம்மா தினமும் உங்களை இவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வர்றாங்க!”