பிரிக்காத பதினோராவது நாவல்

மருந்துக்கடைக்காரர் இந்த ஜென்மத்தில் மனைவியைத் தவிர யாருக்கும் பயந்ததில்லை. அதையும் வெளியே சொல்லிக்கொள்ளமாட்டார். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு ஹாலுக்கு வந்து, நெஞ்சை நிமிர்த்தி ஒரு சபதம் செய்தார்.

"இந்த அலமாரில இருந்து ஒரு புத்தகம்கூட நகராது. நகர்ந்தா நானும் அதோட போறேன்!"

"எப்போ கிளம்பறீங்க?" என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். அவள் வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். தையல் மெஷின் கிடந்ததோ பால்கனியில். வெயில் அடித்தால் அவள் வேகிறாள், மழை பெய்தால் மெஷின் நனைகிறது. ஹாலில் ஜன்னலோரமாக, நல்ல வெளிச்சம் விழும் இடத்தில், ஐந்து தட்டு அலமாரி ஒன்று மகாராஜா மாதிரி நின்றுகொண்டிருந்தது. அந்த இடத்தைத்தான் மூன்று வருஷமாகக் கேட்கிறாள். இந்த வாரம் கெடு வைத்துவிட்டாள்: ஞாயிற்றுக்கிழமைக்குள் அலமாரி காலி.

அலமாரியில் இருந்ததெல்லாம் அவர் பொறுக்கி எடுத்த புத்தகங்கள். அவர் ரசனை இருக்கிறதே, அதுவே ஒரு தனி வியாதி. முதல் பக்கத்தில் மழை பெய்தால் நாவலை மூடிவிடுவார். கன்னத்தில் கைவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்ட எழுத்தாளரை வீட்டுக்குள் விடமாட்டார். கதாநாயகி கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே வர்ணித்தால், புத்தகம் அன்றைக்கே பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். முன்னுரையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைப்பார். பின்னட்டையைச் செத்தாலும் படிக்கமாட்டார். 'பாதிக் கதையை அங்கேயே உளறிவைப்பான்கள்' என்பது அவர் கட்சி. அதனால் புதுப் புத்தகம் வந்ததும், கடையில் மருந்து கட்டும் பழுப்புக் காகிதத்தை எடுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உறை போட்டுவிடுவார்.

கடைக்கு வருபவர்களையும் விட்டுவைப்பதில்லை. "தூக்கம் வரலையா? மாத்திரை எதுக்கு? இந்த நாவலை எடுத்துட்டுப் போங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் பத்துப் பக்கம்" என்பார். பலருக்கு உடனே குணமாகியிருக்கிறது.

இத்தனை எழுத்தாளர்களிலும் அவர் உயிரை விடுவது ஒரே ஒருவருக்கு. பதினோரு துப்பறியும் நாவல் எழுதிவிட்டுக் கண்ணை மூடிய மனிதர். பத்து நாவல்களைத் தலா நாலு தடவை படித்தாயிற்று. பதினோராவதைத் தொடவில்லை. அதையும் படித்துவிட்டால் அப்புறம் வாழ்க்கையில் எதிர்பார்க்க என்ன இருக்கிறது? கடைக்கு நிரந்தரமாகப் பூட்டுப் போடும் அன்றைக்குத்தான் பிரிப்பது என்று, ஆறு வருஷமாக மேல்தட்டில் உறைக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றி வந்தார்.

அன்று பகல் முழுக்கக் கடையில் மாத்திரை பிரித்துக்கொண்டே யோசித்தார். சாயந்திரம் ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. படிக்காதவர்களுக்குத்தானே புத்தகம் இடத்தை அடைக்கும்? அவளையும் படிக்க வைத்துவிட்டால் அவளே அலமாரிக்குக் காவல் நிற்பாள்! தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"இத்தனை வருஷமா நான் மட்டும் படிச்சுட்டு இருந்திருக்கேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? தப்பு என் மேலதான்" என்று ஆரம்பித்தார்.

"உடம்புக்கு என்ன?"

"சொல்றதைக் கேளும்மா. இந்த அலமாரில எதை வேணும்னாலும் எடு. படிச்சுப் பாரு. அதுக்கப்புறமும் அலமாரி வேண்டாம்னு தோணினா, நானே காலி பண்றேன்."

"எதை வேணும்னாலுமா?"

"எதை வேணும்னாலும்!"

மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நாலு தட்டைத் தாண்டி, மேல்தட்டில் கையை விட்டு, பழுப்பு உறை போட்ட ஒன்றை உருவினாள்.

பதினோராவது!

"அது வேண்டாமே... அது வந்து... கொஞ்சம் கடினமான நடை."

"நீங்க படிச்சதுதானே?"

"இன்னும் இல்லை."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

"அடப் பாவமே! சரி, நான் முதல்ல படிச்சு, எப்படி இருக்குன்னு சொல்றேன்."

மருந்துக்கடைக்காரர் புத்தகத்துக்குக் கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டார். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க வழியில்லை. மறுநாள் முழுக்கக் கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்துக் கொடுத்து, பாட்டும் வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை காலை, காபியை வைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "படிச்சுட்டேங்க."

"முந்நூறு பக்கத்தையுமா? ரெண்டே நாள்லயா?"

"பால்கனில ஒரே வெயில். தைக்க முடியலை. வேற என்ன பண்றது?"

"சும்மா கதை விடாதே. துப்பறியறவர் யாரு, சொல்லு பார்ப்போம்."

"ரிட்டயர் ஆன தபால்காரர். கொலை நடந்தது கடிகாரம் ரிப்பேர் பண்றவர் வீட்ல. அறை உள்பக்கமா தாழ் போட்டிருக்கு. வீட்ல இருக்கற அத்தனை கடிகாரமும் நாலே காலுக்கு நின்னிருக்கு."

அவருக்குப் புல்லரித்தது. அடடா, என்ன ஆரம்பம்! அதை எழுத்தாளர் சொல்லிக் கேட்க வேண்டியவர், ரவையும் சர்க்கரையும் வாங்கச் சொல்கிற குரலில் கேட்க வேண்டியதாகிவிட்டதே!

"போதும், நிறுத்து!"

"யாரு கொன்னாங்கன்னு தெரியுமா? நினைச்சே பார்க்க முடியாதுங்க! அந்த..."

மருந்துக்கடைக்காரர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். "கீழ்த்தட்டை இன்னிக்கே எடுத்துடறேன்!"

கீழ்த்தட்டு கடையின் பின்னறைக்குப் போயிற்று. வியாழக்கிழமை குளிக்கப் போனவரைக் கதவருகில் மறித்து, "ஒரே ஒரு கையுறைதான் கிடைச்சுதாம். இன்னொண்ணு எங்கே தெரியுமா?" என்றாள். இரண்டாவது தட்டும் போயிற்று. வெள்ளிக்கிழமை கடைக்கே போன் செய்தாள். வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, "ஏங்க, செத்தவரோட தங்கச்சி ஒண்ணை மறைக்கறா பாருங்க, அது..." என்றதும், போனைத் தூக்கிப்போட்டுவிட்டு மூன்றாவதையும் நாலாவதையும் ஒரே மூச்சில் கட்டினார். படிக்காத மனைவியோடு இருபது வருஷம் நிம்மதியாக இருந்த மனுஷனுக்கு இந்தப் புத்தி ஏன் வந்தது! தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். பலமாகத்தான் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவள் வாயைத் திறக்கவே இல்லை. லேசாகத் தொண்டையைக் கனைத்தாள். ஐந்தாவது தட்டும் காலி. அலமாரியைக்கூடக் கழற்றி இறக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலோரம் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இனி அந்த நாவலைச் சேர்த்துவைப்பதில் அர்த்தமில்லை, அவள் எந்த நிமிஷம் உளறுவாளோ என்று பயந்து, மருந்துக்கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு பால்கனியில் போய் உட்கார்ந்தார். வெயில் சுட்டது. உறையில் மெஷின் எண்ணெய் ஒட்டியிருந்தது. பிசுபிசுப்புத் தாங்காமல் கழற்றினார். பின்னட்டை பல்லை இளித்தது. கண்ணை மூடுவதற்குள் கண் படித்துவிட்டது.

'ஓய்வுபெற்ற தபால்காரர். உள்ளே தாழிட்ட அறை. கடிகாரக்காரர் வீட்டில் நாலே காலுக்கு நின்ற கடிகாரங்கள். ஒற்றைக் கையுறை. தங்கை மறைப்பது என்ன? கொலையாளியை நீங்கள் நினைத்தே பார்க்க முடியாது!'

அத்தனையும் அவள் சொன்னதேதான்! எழுத்தின் மேல் கண் படாமல், புத்தகத்தின் கடைசிப் பகுதியை விரலால் தடவினார். கடைசிப் பதினாறு பக்கம் பிரியவே இல்லை. அச்சகத்தில் வெட்ட மறந்த தாள், ஓரத்தில் மடிப்பு மடிப்பாக அப்படியே மூடிக்கிடந்தது. அதற்குள் ஒரு கொசுகூட நுழைந்து படித்திருக்க முடியாது.

புத்தகத்தை ஆட்டிக்கொண்டு ஹாலுக்குள் பாய்ந்தார்.

"நீ இதைப் படிக்கவே இல்லை!"

மெஷின் நிற்கவில்லை. "அட்டையைப் படிச்சேனே."

"யாரு கொன்னாங்கன்னு தெரியும்னியே!"

"நான் எங்கே சொன்னேன்? உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"அநியாயம்! அத்தனை புத்தகத்தையும் திருப்பிக் கொண்டுவரப் போறேன். இப்பவே!"

"கொண்டுவாங்க. பதினெட்டுப் பெட்டி, மூணு மாடி. லிஃப்ட்டும் இல்லை."

மருந்துக்கடைக்காரருக்கு முழங்கால் இரண்டும் இப்போதே வலித்தன. கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் கையில் பதினோராவது நாவல் இருந்தது. முடிவு யாருக்கும் தெரியாமல், அவருக்காகவே காத்திருந்தது. அதுவாவது மிஞ்சியதே!

"சரி, விடு. இந்தத் தாளை வெட்ட ஏதாவது இருக்கா?" என்றார், குரல் இறங்கி.

"மெஷின் டிராயர்ல கத்தரி இருக்கு. வெட்டிட்டு இங்கே குடுங்க, இந்தத் தடவை நிஜமாவே படிச்சுட்டுத் தர்றேன்."