சைக்கிள் மணி கட்டிய புடலம்பந்தல்

தென்காசி தாலுகாவிலேயே காய்கறிக்கு அதிகமாகச் செலவு செய்தவர் யார் என்று கேட்டால், ஒரு காயைக்கூட விலைக்கு வாங்காத மிச்சத்து அண்ணாச்சியைத்தான் நான் சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் மேலகரத்தில் யாருக்கும் தெரியாது. தபால்காரரே "மிச்சத்து அண்ணாச்சி, லெட்டர்!" என்றுதான் கூப்பிடுவார். சந்தையில் கத்தரிக்காய் விலை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டால் அண்ணாச்சி கையைத் தட்டி, "நமக்கு மிச்சம்!" என்பார். இறங்கிவிட்டது என்றாலும் விடமாட்டார். "பஸ் ஏறிப் போயில்லா வாங்கணும்? அந்தச் சார்ஜு நமக்கு மிச்சம்!"

பிழைப்புக்கு வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சாரல் காலத்தில் குற்றாலம் அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் மேலகரத்தில் இறங்கி அவரிடம் சைக்கிள் எடுப்பார்கள். வருஷம் முழுக்கச் சாப்பிடுவதற்கு அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் சம்பாதிக்க வேண்டும். அதே மாதங்களில்தான் தோட்டமும் தளதளவென்று இருக்கும். ஆகவே அண்ணாச்சி கடையில் இருக்கமாட்டார். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கொல்லையில் நிற்பார்.

என் வீட்டுக்காரருக்கு மாற்றல் கிடைத்து, ஒரு வயதுப் பாப்பாவோடு அண்ணாச்சிக்கு அடுத்த வீட்டில் குடிவந்தோம். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். அதனால் எதையும் இரண்டு தடவை யோசிப்பேன். மூன்றாம் தடவை யோசித்து, முதலில் யோசித்ததுதான் சரி என்று கண்டுபிடிப்பேன். அதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும்.

கடையநல்லூரில் இருந்த என் மாமியார் இதைக் கவனித்து வைத்திருந்தார். "படிச்ச பிள்ள பேப்பர் வாசிப்பா. குடித்தனம் பண்ணுவாளா?" என்று யாரிடமோ சொல்வதுபோல என் காதில் விழும்படி சொல்வார். பாப்பாவின் காதுகுத்தைத் தன் வீட்டிலேயே வைக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "மேலகரத்துலயே வச்சுக்கிடுவோம் அத்தை. நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

அண்ணாச்சி வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"காதுகுத்து எப்போ தங்கச்சி?"

"ஆவணியில அண்ணாச்சி."

"பெறவென்ன! வைகாசியில வித போட்டா ஆவணியில பந்தி போட்டுரலாம். விசேசத்துக்குக் காய் வாங்கன்னு பணம் ஒதுக்கி வச்சிருக்கீயல்லா, அத இப்பவே தோட்டத்துல போடுங்க. மொளச்சு வந்துரும். ஒரு காய் வெளிய வாங்கப்படாது. நான் பொறுப்பு."

வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து "உன் இஷ்டம்" என்றார். உன் இஷ்டம் என்றால் செய் என்று அர்த்தமா, செய்துவிட்டு என்னிடம் வராதே என்று அர்த்தமா என்று யோசித்தேன். அதற்குள் அண்ணாச்சி வேலியைப் பிடுங்கிவிட்டார்.

இரண்டு கொல்லையும் ஒன்றாயின. பந்தலுக்கு மூங்கில் வந்தது. குத்துக்கல்வலசையிலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் வந்தது. ஆட்டுப்புழுக்கை வந்தது. ஒவ்வொன்றும் வந்து இறங்கும்போது, அண்ணாச்சியின் சம்சாரம் வாசலில் நின்று வரவேற்பாள். நான் அவளை மதினி என்பேன்.

"வாங்க, வாங்க. செம்மண்ணு வந்துட்டா? எங்க வீட்டுக் கத்தரிக்கா தங்கத்துல செஞ்சது தங்கச்சி. நறுக்கும்போது தூள் கீழ விழாமப் பாத்துக்கோ."

"நீ சும்மா இரி. காய்ச்ச பெறவு பாரு" என்பார் அண்ணாச்சி.

"பாத்துக்கிட்டுதான இருக்கேன், கல்யாணம் ஆன நாள்லேருந்து."

பூச்சி வந்தபோது புகையிலைத் தண்ணீரைச் சைக்கிள் பம்பில் அடைத்து அடித்தார். பூச்சிக்குத் தும்மல் வந்ததா தெரியாது, எங்களுக்கு வந்தது. அடுத்துக் குரங்குகள் வந்தன. குற்றாலத்துக் குரங்குகள் அருவிக்கரையில் பொரிகடலை தின்று அலுத்து, ருசி மாற்றத்துக்கு மேலகரம் வருகிறவை. அண்ணாச்சி கடைக்குப் போய், வாடகை சைக்கிள்களின் மணிகளை எல்லாம் கழற்றிக்கொண்டு வந்தார். பந்தல் முழுக்கக் கயிறு இழுத்து மணிகளைக் கட்டி, கயிற்றின் நுனியை என் சமையலறை ஜன்னலில் முடிந்தார்.

"கொரங்கு வந்தா ஒரு இழுப்பு இழுங்க தங்கச்சி. பயந்து ஓடிரும்."

அந்த வருஷம் குற்றாலம் ரோட்டில் மணியில்லாத சைக்கிளில் போன மெட்ராஸ்காரர்கள் எல்லாரும் "ஓரம்! ஓரம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனார்கள். குரங்குகளோ இரண்டு நாள் பயந்தன. பிறகு தாங்களே கயிற்றை இழுக்கக் கற்றுக்கொண்டன. லாபம் அடைந்தது என் பாப்பா ஒருத்திதான். மணிச் சத்தம் கேட்டால் வாயைத் திறப்பாள். நான் ஒரு கையால் கயிற்றை இழுத்து மறு கையால் பருப்புச் சோறு ஊட்டுவேன். இப்படிப் பழக்கினால் பெரியவளான பிறகும் மணி அடித்தால்தான் சாப்பிடுவாளோ என்று தனியாக ஒரு கவலை சேர்ந்துகொண்டது.

புடலை காய்த்தது. பிஞ்சு சுருளாமல் நேராக வளர நுனியில் கல் கட்டவேண்டும் அல்லவா? அண்ணாச்சி ஓடையில் கூழாங்கல் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, இந்தப் பிஞ்சுக்கு இந்தக் கல் என்று கட்டுவார்.

"கனமா கட்டுனா காம்பு அத்துரும். லேசா கட்டுனா சுருண்டுக்கிடும். பிள்ள வளக்க மாதிரிதான் தங்கச்சி."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பாப்பாவுக்கு நான் கட்டுகிற கல் கனமா, லேசா என்று அன்று முழுக்க நான் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

காதுகுத்துக்கு முந்தின நாள், அத்தையை அழைத்துவர வீட்டுக்காரர் கடையநல்லூர் போயிருந்தார். மணியில்லாத சைக்கிளில் போய் மாட்டு வண்டியில் மோதிய ஒருவர் கடையில் வந்து சத்தம் போட, அண்ணாச்சி அங்கே ஓடினார். நான் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கொல்லையில் மணிகள் அத்தனையும் ஒன்றாக அடித்தன. ஓடிப்போய்ப் பார்த்தால், பந்தலில் ஒரு படையே உட்கார்ந்திருந்தது. கடித்தது பாதி, எறிந்தது பாதி. கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும்கூட விடவில்லை.

அண்ணாச்சி வந்து பார்த்தார். மதினி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

காய்க்கு ஒதுக்கிய பணம் செம்மண்ணாகக் கிடந்தது. மறுநாள் பந்தியில் ரசத்தையும் அப்பளத்தையும் போட்டு, அத்தையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? "குடித்தனம் பண்ணுவாளா?" என்ற கேள்விக்கு ஊரைக் கூட்டிவைத்துப் பதில் சொல்லப்போகிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

விடிந்து கொல்லைக் கதவைத் திறந்தேன்.

பந்தல் நிறையப் புடலங்காய். ஒவ்வொன்றின் நுனியிலும் கூழாங்கல். கொஞ்சம் கிட்டே போனேன். பாதிக் காய்கள் தலைகீழாகத் தொங்கின. காம்பு கீழே இருந்தது, கல் காம்பில் கட்டியிருந்தது. வெண்டைச் செடியில் வாழைநாரால் கட்டிய கத்தரிக்காய்கள். புடலங்கொடியின் நடுவே, ஈரிழைத் துண்டில் தொட்டில் கட்டி, ஒரு பெரிய தடியங்காய், அதுதான் வெள்ளைப் பூசணி. நடுவில் அண்ணாச்சி, முழங்கால் வரை சேற்றோடு நின்றார்.

"ராத்திரியோட ராத்திரியா காச்சிட்டு தங்கச்சி. சாரல் ஈரம்லா!"

நான் பதில் சொல்வதற்குள் முதல் பஸ்ஸில் வந்த அத்தை நேரே கொல்லைக்கு வந்துவிட்டார். வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவர். பந்தலை ஒரு சுற்றுச் சுற்றினார். தடியங்காய்க்கு முன்னால் நின்றார்.

"ஏட்டி, புடலங்கொடியில தடியங்கா காய்க்குமா?"

அண்ணாச்சிதான் முந்திக்கொண்டார். "சர்க்கார் வித ஆச்சி. புது ரகம்."

"சர்க்கார் வித சரி. யாவாரி போட்ட சுண்ணாம்புக் குறியோடயா காய்க்கும்?"

காயின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. மொத்தக் கடைக்காரர்கள் போடுவது. அண்ணாச்சி அதைக் கவனித்திருக்கவில்லை. காய் வாங்கியே பழக்கமில்லாத மனிதருக்கு அது எப்படித் தெரியும்? அவர் தலையைக் குனிந்து தன் சேற்றுக்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பந்தலில் ஒரு மணி லேசாக அடித்தது. அத்தை முந்தானையை எடுத்து, குறியை அழுத்தித் துடைத்தார்.

"காக்கா எச்சம்" என்றார். "எனக்குக் கண்ணு முன்னப் போல இல்ல. ஏட்டி, அருவாமணய எடு. அவியலுக்கு நேரமாகுது."

பந்தியில் அண்ணாச்சியே அவியல் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினார். "எல்லாம் நம்ம தோட்டம்! ஒரு காய் வெளிய வாங்கல! மிச்சம்!" அத்தை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊருக்குக் கிளம்பும்போது என் தலையைத் தடவி, "நீ பொழச்சுக்கிடுவட்டி" என்றார்.

அடுத்த மாற்றலில் நாங்கள் அந்த ஊரை விட்டு வந்துவிட்டோம். பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மணி அடிக்காமலே சாப்பிடுகிறாள். வீட்டுத் தோட்டம் போட்டால் பணம் மிச்சமாகுமா என்று இங்கே அடுத்த வீட்டுப் பெண் கேட்டாள். ஆகாது என்று சொன்னேன். போடு என்றும் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு யோசனை இல்லை. சந்தையில் நேரான புடலங்காயைக் கண்டால், நுனியில் கல் கட்டிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அதற்கு மட்டும் பேரம் பேசுவதில்லை.