ஏலம் நானாவும் வாங்குபவர் கட்டணமும்

கைபேசியோடு சண்டை பிடித்து வென்றவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் மாம்புரி ஏலம் நானா; நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். வென்றதில் அவருக்கு எவ்வளவு நட்டம் என்பது வேறு கதை.

கரையில் மீனுக்கு விலை கூறுவது அவர் தொழில். மாம்புரியில் அவர் வாய் திறந்தால் அடுத்த ஊர் பள்ளிவாசல்துறையில் மீன் வாங்கிவிடுவார்கள் என்று கேலி செய்வோம். அவர் ஏலத்தில் கொமிசன் விற்பவர் தலையில்தான். வாங்குபவருக்கோ மேலே இரண்டு மீன் சும்மா விழும். வாங்க வருபவர் மாப்பிள்ளை மாதிரி என்பது அவர் கட்சி.

எனக்கு வேலை போய் வீட்டில் குந்தியிருந்த வருடம் அது. ஊர்த் தேவாலயத் திருவிழாவுக்கு வரும் சனத்துக்கு உறிஞ்சிக் குடிக்கும் ஐஸ் பக்கட் விற்றாவது அடுப்பெரிப்போம் என்று என் மனைவி மெற்றில்டா துணிந்தாள். பழைய சாமான் விற்கும் செயலியொன்றில் சிலாபத்துப் பிரீசர் ஒன்று அகப்பட்டது. விலை நாற்பத்தையாயிரம், அதற்கு மேல் வாங்குபவர் கட்டணம் இரண்டாயிரம். எங்களிடம் இருந்ததும் சரியாக நாற்பத்தேழாயிரம்தான். நான் பொத்தானை அழுத்தப்போன நேரம், பக்கத்து வீட்டிலிருந்து வந்த நானா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதென்ன தம்பி ரெண்டாயிரம்?"

"வாங்குற ஆள் கட்டுறது, நானா."

"வாங்க வந்தவன்ட்ட கொமிசன் எடுக்கிற கரை எங்க இரிக்கி?"

உடனே அந்தச் செயலிக்காரர்களுக்கே போன் போட்டார். "மகள், வாங்குறவனுக்கு நீங்க மேல என்ன போட்டுத் தாறீங்க?" என்று கேட்டார். போனை எடுத்த பிள்ளை ஏதோ விளக்கம் சொன்னது. "அதெல்லாம் வேணாம் மகள். பிரீசரோட ஒரு சின்ன மேசை ஃபேனாவது வச்சி அனுப்புங்க." பிள்ளை போனை வைத்துவிட்டது.

பிறகு பிரீசரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னால் கடையின் பெயர்ப்பலகை, அதிலே தொலைபேசி இலக்கம்! செயலியை விட்டுவிட்டுக் கடைக்காரரிடமே நேரில் வாங்குவதாகப் பேசி முடித்தார். அடுத்த நாள் காலை இருவரும் சிலாபம் பஸ்ஸில் இருந்தோம். கட்டணத்தை ஒழித்துக் கட்டிய பெருமையில் நானா எனக்குப் பாணும் பருப்பும் வாங்கித் தந்தார்.

கடை மீன் சந்தைக்குப் பக்கத்தில். அங்கேதான் வினை. மீன் வாடையும் கூச்சலும் மூக்கிலும் காதிலும் ஏற நின்றவரிடம் முதலாளி, "நாப்பத்தஞ்சு," என்றார்.

"நாப்பத்தாறு!" என்றார் நானா.

முதலாளி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"நாப்பத்தேழு! நாப்பத்தெட்டு!" நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அது அவருக்கு யாரோ விலையை இன்னும் கூட்டிக் கேட்பதாகப் பட்டிருக்க வேண்டும். "அம்பது! ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! நல்ல விலைக்குப் போயிட்டு. எடுத்தது யாரு?"

"நாங்கதான், நானா," என்றேன்.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். எனக்கோ அழுகை முட்டியது. எங்களிடம் மூவாயிரம் குறைவு, திருவிழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது.

முதலாளி நல்ல மனிதர். "நானா, நான் நாப்பத்தஞ்சுதானே சொன்னன். அதத் தாங்க, போதும்."

"ஏலாது," என்றார் நானா. "மூணுதரம் கூறினா கூறினதுதான். இத மாத்தினா நாளைக்கு நான் எந்த மொகத்தோட கரையில நிப்பன்?" நாற்பத்தையாயிரத்துக்கு மேல் போன ஐயாயிரத்தையும் தன் இடுப்பு வாரின் பையிலிருந்து எண்ணி வைத்தார். லொறிக் கூலியும் அவர்தான் கொடுத்தார். நான் திருப்பித் தருகிறேன் என்றதற்கு, "ஒன்ட வாய மூடு," என்று ஒரே போடாகப் போட்டார்.

திருவிழாவன்று காலையிலிருந்து எங்கள் பிரீசருக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிற சனத்தையெல்லாம் கூவிக் கூவி அழைத்தார். மத்தியானத்துக்குள் பெட்டி காலி. மெற்றில்டா வெறும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

மறுநாள் கரையில் மீன் குவிந்து கிடந்தது. விலை கூற நானாவிடம் குரலே இல்லை. எங்கள் வீட்டுக்காகத்தான் அந்தக் குரல் போனது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடுகிறது.