பால்புதுமைக் கலைவிழா

நோட்டீஸ் கட்டைப் பிரித்ததும் செலீனாவை நேருக்கு நேர் பார்த்தது ஒரு மாடு.

கறுப்பு வெள்ளை நிறச் சீமை மாடு. அதன் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘பால் புதுமைக் கலைவிழா’ என்று இருந்தது.

"பஸ்ரியன் அண்ணை, பால்புதுமை எண்டது ஒரே சொல். சேர்த்து அடிக்கவேணும்."

"சேர்த்து அடிச்சா ஆருக்கும் விளங்காது பிள்ளை. அதுதான் பிரிச்சு விட்டனான்," என்றார் அச்சகக்காரர் பஸ்ரியன். "பக்கத்திலை இடம் சும்மா கிடந்தது. அதுக்கு மாட்டைப் போட்டனான். நல்ல மாடு."

ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், இரண்டுக்கும் இடையில் வாழ்பவர் என எல்லோரையும் சேர்த்துச் சொல்லப் பால்புதுமையினர் என்று ஒரு சொல் இருப்பதைப் பஸ்ரியனுக்கு அச்சகத்து வாசலில் நின்றுகொண்டு விளக்க முடியாது. அந்தச் சொல் நோட்டீஸில் கட்டாயம் இருக்கவேண்டும் என்றது கொழும்பில் இருந்த அமைப்பு. செலீனாவும் மூன்று நண்பர்களும் மன்னாரில் தொடங்கிய உப்புக்காற்றுக் கலைக்குழுவுக்கு ஆதரவு தர முன்வந்த ஒரே இடம் அதுதான். அதன் பொறுப்பாளர், எல்லோரும் ‘மடம்’ என்று கூப்பிடும் பெண்மணி, தொலைபேசியில் மிக மென்மையான குரலில், மன்னார்ப் பக்கத்தில் உண்மையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று செலீனா சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்து அவளோடு சேர்த்து நான்கு பேர்தான்.

மிச்ச நோட்டீஸ் எங்கே என்று கேட்டாள். தன் மச்சான் பின்னேரமே கொண்டுபோய்விட்டதாகவும், நானாட்டான், நறுவிலிக்குளம் பக்கமெல்லாம் இந்நேரம் ஒட்டி முடித்திருப்பான் என்றும் பஸ்ரியன் பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. கன்றுக்குட்டியையும் கூட்டி வரலாமா என்று ஒருவர் கேட்டார். தீவனம் இலவசமா என்று இன்னொருவர். இலுப்பைக்கடவையிலிருந்து பேசியவர் தன் பசுவின் மடிவீக்கத்தைப் பற்றி நீண்ட நேரம் விவரித்தார். செலீனா பாதியில் வைக்க மனமில்லாமல் முழுவதையும் கேட்டாள்.

குழுவின் முதன்மை நடிகன் அமிர்தநாயகம். பகலில் மீன் சந்தையில் ஐஸ் உடைப்பான். விழாவில் போடவிருந்த நாடகத்தில் அவன்தான் மணப்பெண். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மறுப்பு அறிவித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அன்றே ஒரு ஓட்டோ மன்னார் நகரெங்கும், ‘இது மாட்டுப் பால் சம்பந்தப்பட்ட விழா அல்ல, அல்ல, அல்ல’ என்று முழங்கிக்கொண்டு சுற்றியது.

மாடு இல்லையென்றால் வேறென்ன என்று ஊர் யோசித்தது. மன்னாரில் அப்படி யோசிப்பவர் தலையை நிமிர்த்தினால் தெருவை மறித்துக்கொண்டு ஒரு கழுதை நிற்கும். பொழுதுபடுவதற்குள், கழுதைப் பாலை நவீன முறையில் போத்தலில் அடைத்துத் தரப்போகிறார்கள் என்ற செய்தி மன்னார்த் தீவு முழுக்கப் பரவிவிட்டது. இருமுகிற பிள்ளையோடும் வெறும் போத்தலோடும் ஒரு தாய் செலீனாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கழுதைப் பாலும் அல்ல என்று இன்னொரு அறிவித்தல் விடலாமே என்றான் அமிர்தநாயகம். செலீனா ஒலிவாங்கியைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் வழி என்று பஸ் ஏறி நானாட்டானுக்குப் போனாள். அங்கே பால் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கனகரத்தினம், இரண்டு டிராக்டர்களில் ஆள் ஏற்ற ஏற்கனவே ஒழுங்கு செய்திருந்தார்.

"ஐயா, இது குடிக்கிற பால் இல்லை," என்று தொடங்கினாள். "ஆண்பால், பெண்பால் எண்டு சொல்லுறமே, அந்தப் பால்."

"ஓம்."

"அந்த ரெண்டுக்குள்ளையும் அடங்காத ஆக்களும் இருக்கினம். ரெண்டும் கலந்த மாதிரி..."

கனகரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "கலப்பினம். அதைத்தான் நானும் எங்கட ஆக்களுக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். தனி ஊர் மாட்டுச் சாதியை வைச்சுக்கொண்டு இருந்தா முன்னேற ஏலாது பிள்ளை. நீங்கள் அதை மேடையிலை சொல்லுங்கோ. நானும் ரெண்டு வார்த்தை பேசுறன்."

அவர் தந்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் அவர் சீனி காணுமா, இன்னும் போடவா என்று கேட்டார். காணும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். போகும்போது டிராக்டர் இரண்டாக இருந்தது. அவள் வந்துபோன உற்சாகத்தில் மூன்றாகியது.

விழா நாளில் மண்டபம் நிறைந்து, கதிரை போதாமல் வாசலிலும் சனம் நின்றது. கொழும்பிலிருந்து வந்த மடம் வேட்டி கட்டிய விவசாயிகளைப் படம் எடுத்துத் தள்ளினார். அடிமட்ட மக்களின் பங்கேற்பு தன்னை மெய்சிலிர்க்க வைக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் தான் தேடிவந்த ஆட்கள் எங்கே என்று அவர் கேட்டபோது, செலீனா கூட்டத்தின் பக்கம் பொதுவாகக் கையைக் காட்டினாள்.

நாடகம் தொடங்கியது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். ஒருத்தியை அடித்துக் கட்டாயக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். அமிர்தநாயகம் மணக்கோலத்தில் குனிந்து அழுதபோது முன்வரிசை விவசாயிகள் கதிரையின் நுனிக்கு வந்தார்கள். இப்போது கல்லெறி விழும் என்று செலீனா திரைக்குப் பின்னால் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

முடிந்ததும் கனகரத்தினம் எழுந்து மேடைக்கு வந்தார். ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பாலைப் பற்றி ஒரு வசனமும் வரேல்லை. அது எனக்குக் கவலைதான்," என்றார். பிறகு மணக்கோலத்தில் நின்ற அமிர்தநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா அந்தப் பெட்டையை அப்பிடி அடிச்சுக் கட்டிவைச்சது பிழை. பெரிய பிழை."

சனம் கை தட்டியது. பிறகு அவர் கலப்பினப் பசு வளர்ப்பைப் பற்றி விரிவாகப் பேசினார். அதற்கும் தட்டினார்கள்.

மடம் புறப்பட்டுப் போனார். நல்ல நிகழ்ச்சிதான், ஆனால் உரிய பயனாளிகள் இந்த மாவட்டத்தில் இல்லை என்றே தான் எழுதவேண்டியிருக்கும் என்று அதே மென்மையான குரலில் சொல்லிவிட்டுப் போனார். செலீனா வெறும் மண்டபத்தில் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒரு வருட உழைப்பு. வந்த எங்கள் ஆட்கள் குழுவில் இருந்த நாலு பேர்தான் என்று நினைக்க அழுகை முட்டியது.

ஐம்பது வயதை எட்டிய இரண்டு பெண்கள் மட்டும் டிராக்டருக்குப் போகாமல் அவளோடு சேர்ந்து கதிரை அடுக்கினார்கள். ஒருத்தி நறுவிலிக்குளத்துச் சிவக்கொழுந்து. மற்றவள் றோஸ்மேரி, கோயிலுக்குப் போகிறவள்போல நல்ல சேலை கட்டியிருந்தாள்.

செலீனாவுக்கு வெட்கமாக இருந்தது. பால் விசயமாக நம்பி வந்தவர்களை ஏமாற்றிப்போட்டம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றாள். ஏதாவது பேசவேண்டுமே என்று, வீட்டில் எத்தனை மாடு நிற்கிறது என்றும் கேட்டாள்.

சிவக்கொழுந்து கடைசிக் கதிரையை வைத்துவிட்டு றோஸ்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடு எங்களிட்டை எப்ப இருந்தது பிள்ளை? நோட்டீசை வாசிச்ச உடனையே எங்களுக்கு விளங்கிட்டுது, ஆனா மாட்டு விழா எண்டு வீட்டிலை சொல்லிப்போட்டு ரெண்டு பேரும் ஒண்டா வெளிக்கிட உங்கட மாடுதான் உதவினது. அங்கை டிராக்டருக்குள்ளை இருக்கிறதிலையும் ஆறேழு பேருக்கு மாடு இல்லை."